நீலன்கள் போன மேடு

தேநீர் கொஞ்சம் கசந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் மிஸ் கெம்ப். பிப்ரவரியிலிருந்து நானேதான் போட்டுக்கொள்கிறேன். எழுபது வயதில் புதிதாக ஒரு வேலையைக் கற்றுக்கொள்வது சுலபமில்லை. பால் அந்தக் கூஜாவில் இருக்கிறது. உங்கள் டேப் ஓடட்டும், எனக்கு அதைப் பார்த்துக் கூச்சமெல்லாம் இல்லை.

டன்னக் மேட்டிலிருந்து நீலன்கள் எந்த வருடம் போயின என்று கேட்டீர்கள். ஊரில் இன்னும் நாலு கிழவர்களிடம் கேட்டிருப்பீர்கள். முயல்கள் செத்த வருடம் என்று ஒருவர் சொல்லியிருப்பார். உரம் வந்த பிறகு என்று இன்னொருவர் சொல்லியிருப்பார். நான் தேதியே சொல்கிறேன். 1957, செப்டம்பர் பதினொன்று, புதன்கிழமை. அன்று மத்தியானம் என் தங்கை ஐவி ஒரே ஒரு ஆண் பூச்சியைப் பார்த்தாள். இறக்கையின் ஓரம் கிழிந்திருந்ததாம். அதற்குப் பிறகு அந்த வண்ணத்துப்பூச்சியை அந்த மேட்டில் யாரும் பார்க்கவில்லை.

எனக்கு எப்படி நாள் கிழமையோடு நினைவிருக்கிறது என்று நினைப்பீர்கள். அதைச் சொல்லக் கொஞ்சம் நேரமாகும். உங்களுக்கு அவசரமில்லையே.

இந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் இப்போது முட்புதர்தான் தெரியும். அப்போது அந்த மேடு மொட்டையடித்த தலை மாதிரி இருக்கும். மேலே அரைச் சாண் மண், அதற்குக் கீழே வெறும் சுண்ணாம்புக்கல். ஏர் ஏறாத சரிவு. தண்ணீர் நிற்காது. அந்த அரைச் சாண் மண்ணில்தான் நீங்கள் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும் அத்தனையும் இருந்தன. நடந்தால் செருப்படியில் நசுங்கும் தைம் செடியின் வாசனை வரும். எறும்புகள் கட்டிய குட்டி மேடுகள் பச்சைக் குல்லாய் போட்டமாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கும். உச்சியில் கண்கிலேடிப் பறவைகள் கல்லோடு கல்லாகப் படுத்திருக்கும். மே கடைசியில் ஒருமுறை, ஆகஸ்டில் ஒருமுறை நீலன்கள் கிளம்பும். ஒரு அடி எடுத்து வைத்தால் பத்திருபது எழுந்து திரும்ப உட்காரும்.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. பண்ணைக்காரனுக்கு மேடு என்றால் மேடு. எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஆமோஸ் பெல்லிங், ஐவியின் புருஷன். அவன் முயல்பிடிக்காரன். அந்த மேட்டில் முயல் பிடிக்கும் உரிமை அவனுடையது. உச்சியில் இருந்த கல்வீட்டில் குடியிருந்தார்கள். கண்ணி, வலை, முயலை விரட்ட வளைக்குள் விடுவதற்குக் கீரி மாதிரி ரெண்டு ஃபெரட். வாரத்துக்கு ஒருநாள் முயல்களைக் கம்பில் கோத்து லூயிஸ் சந்தைக்குக் கொண்டுபோவான். பார்க்க ஒல்லியாக, காது பெரிதாக, அவனே ஒரு முயல் மாதிரிதான் இருப்பான். ஊரில் அதைச் சொல்லிக் கேலி செய்தால் அவன்தான் முதலில் சிரிப்பான்.

ஒருநாள் என்னை மேட்டில் நிறுத்தினான். “மச்சான், இங்க குனிஞ்சு பாரு. இடுப்பு புடிச்சுக்கும்னு பயப்படாத, நான் தூக்கி விடறேன்” என்றான்.

தரையோடு ஒட்டிப் படர்ந்த ஒரு கொடி. மஞ்சள் பூ, காய் குதிரை லாடம் மாதிரி வளைந்திருக்கும். அதன் அடியில் பச்சையாக ஒரு புழு. அதன் முதுகில் நாலைந்து எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

“கடிக்குதா?” என்று கேட்டேன்.

“கடிக்கல. காவல் காக்குது. புழு இனிப்பா ஏதோ கசிய விடும், எறும்பு அதைக் குடிச்சுட்டு, எந்தப் பூச்சியும் கிட்ட வராமப் பாத்துக்கும். உன் தங்கச்சி எனக்கு ஆக்கிப் போடறா, நான் அவளுக்கு வெறகு வெட்டறேன்ல, அந்த மாதிரி.”

ஐவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். “நீ எங்கய்யா வெறகு வெட்டற? வெட்டறது நான். நீ எறும்பப் பாத்துக்கிட்டுக் குந்தியிருக்க” என்றாள்.

அவன் தன் கட்டைவிரலைப் புல்லில் படுக்கவைத்துக் காட்டினான். “புல்லு இந்த விரல் மொத்தத்துக்கு மேல வளந்தா மண்ணுல வெயில் படாது, மச்சான். மண்ணு குளுந்துட்டா எறும்பு வேற எடம் பாத்துப் போயிரும். எறும்பு போனா புழு அனாதை. முயல் பல்லுதான் இந்த மேட்டுக்கு அருவா. நான் அதுங்களப் புடிக்கறேன், ஆனா தீத்துற மாட்டேன்.”

பின்னால் நான் செய்த எல்லாவற்றுக்கும் தேவையான அறிவை அவன்தான் எனக்குக் கொடுத்தான். இதைப் பலமுறை யோசித்திருக்கிறேன்.

அம்மா 1952-இல் போனாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தேடிப் பார்த்தேன், அமையவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அம்மா இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. போன பிறகு, வயலிலிருந்து வந்தால் வீடு இருட்டாக இருக்கும். சட்டைக்குப் பொத்தான் தைக்க ஆளில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டு, “கீழ வந்துருங்க. மாடியில ரெண்டு ரூம் சும்மாத்தான் கெடக்கு” என்றேன்.

ஆமோஸ் சிரித்தான். “கீழ வந்தா உன் ஆட்டு மூஞ்சிலதான் மச்சான் முழிக்கணும். மேல என்னை வானம்பாடி எழுப்புது.”

ஐவி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “செவ்வாயும் சனியும் வந்து ஆக்கி வெச்சுட்டுப் போறேண்ணே. மத்த நாளு சூடு பண்ணிக்க” என்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. யாரும் யாரையும் அவமானப்படுத்தவில்லை. நானும் சிரித்தேன். ஆனால் என் முற்றத்தில் நின்றால் அவர்கள் வீட்டுப் புகைபோக்கி தெரியும். அதிலிருந்து புகை வருவதைப் பார்த்துக்கொண்டே ரெண்டு வருடம் பால் கறந்தேன். அவள் எங்கள் வீட்டுப் பெண். அந்த ஒற்றை அறையில் ரத்தம் படிந்த வலைகளுக்கு நடுவே இருக்கவேண்டியவள் இல்லை என்று எனக்குத் தோன்றியது. அவளுக்கு நல்லது எது என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

1954-இல் கென்ட் பக்கமிருந்து அந்த முயல் நோய் வந்துகொண்டிருந்தது. உங்களுக்குப் படிப்பில் தெரிந்திருக்கும். கண்ணும் காதும் வீங்கிக் குருடாகிச் சாகும். பண்ணைக்காரர்கள் பலர் அதை வரவேற்றார்கள். முயல் பார்லியைத் தின்கிறது என்பது பொய்யில்லை. மேட்டடியில் என் பார்லி வயலில் இருபது அடி அகலத்துக்கு ஒரு பட்டை ஒவ்வொரு வருடமும் போய்விடும். நோய் பிடித்த முயலைத் தேடிப்பிடித்துக் கொண்டுவந்து விட்டவர்கள் உண்டு. அந்த வருடம் நவம்பர் வரை அது சட்டப்படி குற்றமும் இல்லை. நான் விசாரித்து வைத்திருந்தேன்.

ரெண்டு பள்ளத்தாக்கு தள்ளி ஒரு பண்ணைக்காரர் அப்படி ஒரு முயலைக் கொடுத்தார். அவர் இப்போது இல்லை, பெயர் வேண்டாம். சாக்கில் போட்டு வண்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை. கீழே ஊரில் மலர்க் கண்காட்சி. ஐவி தன் பூசணிக்காயைப் போட்டிக்கு எடுத்துப் போயிருந்தாள். ஆமோஸ் அதைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனான். மேட்டில் யாருமில்லை.

பட்டப்பகல், நல்ல வெயில். சாக்கைக் கவிழ்த்தேன். முயல் ஓடவில்லை. புல்லில் அப்படியே உட்கார்ந்தது. கண் இருந்த இடத்தில் ரெண்டு வீக்கம், அதிலிருந்து சீழ் வடிந்தது. சுற்றிலும் நீலன்கள் பறந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று வந்து அந்த முயலின் கண்மேல் உட்கார்ந்தது. ஈரம் கண்டால் அவை உட்காரும், உங்களுக்குத் தெரியும். இறக்கையை ஒருமுறை திறந்து மூடியது. அந்த நீலத்தை நான் அதற்கு முன்னால் சரியாகப் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். சாக்கை எடுத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம், அதற்கு நேரம் இருந்தது. பிறகு பூட்ஸ் காலால் முயலை மெதுவாகத் தள்ளி, பெரிய வளை ஒன்றுக்குள் விட்டேன். மேட்டின் நடுவில் இருந்த வளை.

கண்காட்சியில் ஐவிக்கு ரெண்டாம் பரிசு. சாயங்காலம் வந்து காட்டினாள். நன்றாயிருக்கிறது என்றேன்.

செப்டம்பர் முடிவதற்குள் மேடு நாறியது. முயல்கள் பகலில் வெளியே வந்து பாதையில் உட்கார்ந்திருக்கும், கிட்டப் போனாலும் நகராது. ஆமோஸ் ஒரு தடியை எடுத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலைவரை நடந்து ஒவ்வொன்றாக அடித்து அதன் வேதனையை முடித்தான். பிழைப்புக்காக அவன் ஆயிரக்கணக்கில் கொன்றவன்தான். ஆனால் அந்த மாதம் அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. நான் மண்வெட்டியோடு போனேன். ரெண்டு பேரும் குழி வெட்டிப் புதைத்தோம். பதினோரு நாள். ஐவி எங்களுக்குக் கஞ்சியும் ரொட்டியும் கொண்டுவந்து தருவாள், மூக்கில் துணி கட்டிக்கொண்டு.

“எவனோ கொண்டாந்து விட்டுருக்கான், மச்சான்” என்றான் ஒருநாள். “தானா வந்துருந்தா ஓரத்துலேர்ந்து வந்துருக்கும். இது நடு வளையில ஆரம்பிச்சுது.”

“யாரையும் சந்தேகப்படாத மாப்ளே. அது மனசைத்தான் கெடுக்கும்” என்றேன்.

அவன் என் தோளில் கை வைத்தான். “நீ வந்து நிக்கலேன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்” என்றான். கையில் சுண்ணாம்பும் ரத்தமும். சட்டையில் பட்ட அந்தக் கறையைச் செவ்வாய்க்கிழமை வந்து ஐவி துவைத்தாள்.

அதற்குப் பிறகு புல் வளர்ந்தது. நீங்கள் புத்தகத்தில் படித்திருப்பீர்கள், நான் இந்த ஜன்னலிலிருந்து பார்த்தேன். முதல் வசந்தத்தில் மேடு அழகாக இருந்தது, அதையும் சொல்லவேண்டும். முயல் கடிக்காததால் எல்லாம் பூத்தன. வெளியூர்க்காரர்கள் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ரெண்டாவது வருடம் முரட்டுப் புல் முழங்கால் உயரம் வந்து, பழைய புல் காய்ந்து பாய் மாதிரி மேலே படிந்தது. தைம் அடியில் அழுகியது. கண்கிலேடிகள் வந்து ஒரு வாரம் சுற்றிவிட்டுப் போய்விட்டன. அவற்றுக்குத் திறந்த தரை வேண்டும். எறும்பு மேடுகள் புல்லுக்குள் மூழ்கின.

அப்போதுதான் ஆமோஸ் என்னிடம் வந்து கேட்டான். மிஸ் கெம்ப், இதை நீங்கள் கவனமாகக் கேளுங்கள், இதுதான் உங்கள் ஆராய்ச்சிக்கு வேண்டியது. 1956 அக்டோபர். நான் தொழுவத்தில் ஆட்டுக்குக் குளம்பு சீவிக்கொண்டிருந்தேன்.

“உன் ஆட்டுல ஒரு நாப்பதை மேல விடு, மச்சான்” என்றான். “குளிர்காலம் பூரா மேயட்டும். ஏப்ரல்ல எறக்கிக்கலாம். முயல் செஞ்ச வேலைய ஆடு செய்யும். கொடி இன்னும் சாகல, நான் பாத்தேன். நானே மேய்க்கறேன். நீ ஒண்ணும் குடுக்க வேணாம், சாப்பாட்டுக்குப் பாத்துக்கிட்டாப் போதும்.”

“மேல தண்ணி இல்லியே, மாப்ளே.”

“நான் சுமக்கறேன்.”

“வேலி இல்ல.”

“நான் கட்டறேன். நீ ஆட்ட மட்டும் குடு. என் பேச்சைக் கேக்காட்டியும் ஆடு உன் பேச்சைக் கேக்கும், உங்க ஜாதிதான.”

நான் சிரித்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க ஒன்றுமில்லை. அவன் சொன்னது முழுக்கச் சரி. ஆட்டுக்கும் நல்லது, மேட்டுக்கும் நல்லது. இந்த வாரம் நீங்கள் பெரிய வரைபடத்தை விரித்து எனக்கு விளக்கிய திட்டம் இருக்கிறதே, அதைத்தான் ஆமோஸ் முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ரெண்டு வரியில் சொன்னான். ஆனால் ஆடு மேலே போனால் மேய்ப்பவன் மேலே இருப்பான். மேய்ப்பவன் மேலே இருந்தால் அந்த வீட்டுப் புகைபோக்கியில் புகை வரும். நான் ஆட்டை விடவில்லை. அடுத்த வருடமும் கேட்டான். அப்போது குட்டி போடும் காலம் என்றேன்.

அவன் தானாக ஒரு அரிவாளை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு முன்னால் ஒரு அறை அளவு இடத்தை விரல் உயரத்துக்கு அறுத்து வைத்தான். மண்டியிட்டுத்தான் அறுப்பான், கொடியில் படக்கூடாதென்று. அந்த அறை அளவு இடத்தில் மேலும் ஒரு வருடம் நீலன்கள் இருந்தன. ஒரு குடும்பத்தை வைத்து ஊரைக் காப்பாற்ற முடியாது, அந்த மாதிரிதான். கடைசியாக ஐவி பார்த்ததும் அங்கேதான். அன்று அவள் இறங்கி வந்து வாசலில் நின்று சொன்னாள்: “ஒண்ணுதான் இருக்குண்ணே. பொட்டைய தேடிக்கிட்டு இங்கயும் அங்கயும் போகுது. பொட்டையே இல்ல.” அவள் அழுததை அம்மா சாவுக்குப் பிறகு அன்றுதான் பார்த்தேன். நாட்காட்டியில் பார்த்தேன், செப்டம்பர் பதினொன்று. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. குற்றம் செய்தவனுக்குத் தேதி வேண்டியிருக்கிறது போல.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களிடம் தேதியை மட்டும் சொல்லி அனுப்பியிருப்பேன். பூச்சிக்காக எந்த நீதிபதியும் யாரையும் கூப்பிடப்போவதில்லை.

முயல் இல்லாமல் ஆமோஸுக்குப் பிழைப்பு இல்லை. வேலி கட்டினான், களை எடுத்தான், நின்று நிலைக்கவில்லை. ஐவி என் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஒருமுறை சொன்னாளாம். அவன் வேண்டாம் என்றானாம். அப்போது நான்தான் மேட்டின் கிழக்கு முனையில் இருந்த சுண்ணாம்புக்கல் குவாரியில் சொல்லி அவனுக்கு வேலை வாங்கிக் கொடுத்தேன். கல்லை உடைத்துக் காளவாய்க்கு ஏற்றும் வேலை. அதற்கும் எனக்கு நன்றி சொன்னான். வேலை கடுமை, நெஞ்சில் தூசி அடைக்கும், ஒரு வருடத்தில் அலுத்துக் கீழே இறங்கிவிடுவான் என்று கணக்குப் போட்டேன். அதற்கு மேல் நினைக்கவில்லை. அதை மட்டும் நம்புங்கள்.

1958 ஜனவரி. ஒரு வாரம் கெட்டியான உறைபனி. முந்தின நாள்தான் இளகியது. காலை பத்து மணி இருக்கும், மேல் பாதை வழியாக வேலி பார்க்கப் போனேன். அந்தப் பாதை குவாரியின் உச்சி விளிம்பை ஒட்டிப் போகும். விளிம்பிலிருந்து நாலடி உள்ளே புல்தரையில் ஒரு பிளவு. உள்ளங்கை அகலம், ஒரு பாரவண்டி நீளம். புல்லின் வேர்கள் அறுந்து புதிதாக, வெள்ளையாகத் தொங்கின. சுண்ணாம்புக்கல் நாட்டில் பிறந்த எவனுக்கும் அது என்ன என்று தெரியும். நீர் உள்ளே போய் உறைந்து, பாறையைப் பிளந்து, இளகும்போது விட்டுவிடும். முகப்பு முழுவதும் கீழே போகப் போகிறது. இன்றா நாளையா என்பதுதான் கேள்வி.

நான் குனிந்து அந்தப் பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கைவரை போனது. எட்டிப் பார்த்தால் நேர் கீழே ஆமோஸ், மண்வாரியோடு. வேறு ரெண்டு ஆட்கள் தள்ளிக் காளவாய்ப் பக்கம் இருந்தார்கள்.

அவன் நிமிர்ந்து பார்த்துக் கையை ஆட்டினான். “மச்சான், மேல என்ன புல்லு எண்ணறியா?”

“வேலி பாக்க வந்தேன்.”

“வேலி எங்கயும் ஓடிப் போயிராது. சாயங்காலம் சாப்பிட வந்துரு. ஐவி மாட்டுக்கறி வேக வெக்கறா. உன் மூஞ்சிக்கும் ஒரு தட்டு வெக்கச் சொல்றேன்.”

“வரேன் மாப்ளே” என்றேன்.

நான் பேசியது அவ்வளவுதான். அந்த ரெண்டு வார்த்தைக்குப் பதில் வேறு ரெண்டு வார்த்தை போதும். தள்ளி நில்லு. அவன் என்னை ஏன் என்றுகூடக் கேட்டிருக்க மாட்டான், நகர்ந்திருப்பான். நான் சொன்னால் கேட்பவன் அவன். பைப்பில் புகையிலை அடைத்துப் பற்றவைக்கிற நேரம் அங்கேயே நின்றேன். அந்த நேரம் முழுக்க வாய்வரை வந்தது. சத்தியமாக வந்தது. பிறகு நடந்தேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவன் எப்படியும் மேலே ஏறுவான், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நினைத்தேன் என்று முப்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நினைத்தேனா என்று இப்போது தெரியவில்லை. பதினொன்றே காலுக்குச் சத்தம் கேட்டது. தூரத்தில் பெரிய வண்டி ஒன்று பாரத்தைக் கொட்டினமாதிரி. நான் வேலிக் கம்பத்தில் ஒரு ஆணியை அடித்துக்கொண்டிருந்தேன். அதை அடித்து முடித்துவிட்டுத்தான் ஓடினேன்.

வெள்ளைத் தூசி அடங்க வெகு நேரமாயிற்று. நாங்கள் மூன்று பேர் தோண்டினோம். அவனை நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். மாவில் புரட்டி எடுத்தமாதிரி இருந்தான். காது மட்டும் சிவந்திருந்தது.

மரண விசாரணையில் என்னைக் கேட்டார்கள், அன்று காலை அந்தப் பக்கம் போனீர்களா, ஏதாவது பார்த்தீர்களா என்று. கீழ் ரோடு வழியாகப் போனேன், ஒன்றும் பார்க்கவில்லை என்றேன். எழுதிக்கொண்டார்கள். விபத்து என்று முடிந்தது. ஐவி ரெண்டாவது வரிசையில் உட்கார்ந்து தன் கையுறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டு நாள் கழித்து அவள் இறங்கி வந்தாள். ஒரு பெட்டி, ஒரு கோழிக்கூடு. நான் கூப்பிடவில்லை. மாடி அறையில் படுக்கை மட்டும் போட்டு வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

முப்பது வருடம் எனக்கு ஆக்கிப் போட்டாள். நல்ல சமையல். முயல்கறி மட்டும் இந்த வீட்டில் வெந்ததில்லை. நானும் கேட்டதில்லை. சந்தையில் தோலுரித்துத் தொங்குவதைப் பார்த்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். இன்னொன்றும் உண்டு. விசாரணைக்குப் பிறகு அவள் என்னை அண்ணே என்று கூப்பிடவே இல்லை. எப்படியும் கூப்பிடவில்லை. “சாப்பாடு ஆயிருச்சு” என்பாள். “மழை வருது, துணிய எடுக்கணும்” என்பாள், சுவரைப் பார்த்து. துக்கம் என்று எடுத்துக்கொண்டேன். முப்பது வருடத் துக்கம்.

ஒவ்வொரு ஆகஸ்டும் மேட்டுக்குப் போவாள். முதலில் புல்லுக்குள், பிறகு புதருக்குள், கையெல்லாம் கீறிக்கொண்டு வருவாள். முட்டி போனபிறகு ஜன்னலோடு நிறுத்திக்கொண்டாள். போனவருடம் அவளுக்குத் தெரியாமல் நான் கத்தி எடுத்துக்கொண்டு போய், அவன் அறுத்து வைத்திருந்த இடத்தைக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். வேர் விரல் மொத்தம் ஆகிவிட்டது. முடியவில்லை. புதருக்கடியில் எறும்பு மேடுகள் இன்னும் இருக்கின்றன, பாதை ஓரத்தில் லாடக் கொடியும் இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது நான் எழுந்து வெளியே போனேனே, மாட்டைப் பார்க்கப் போகவில்லை. மாடு விற்றுப் பல வருடமாகிறது.

உங்கள் அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். புதரை வெட்டுங்கள், ஆட்டை விடுங்கள், பக்கத்து மாவட்டத்திலிருந்து நீலன்களைக் கொண்டுவந்து விடுங்கள். அவை தாமாகப் பறந்து வராது, அவ்வளவு தூரம் அவற்றால் முடியாது என்று ஆமோஸும் சொல்லியிருக்கிறான்.

வேண்டாம், நிறுத்தாதீர்கள். இன்னும் கொஞ்சம்தான்.

பிப்ரவரியில் ஐவிக்கு நெஞ்சுச் சளி முற்றிவிட்டது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கையை விரித்தார். மறுநாள் காலை அவள் தலையணையைச் சரிசெய்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். “ஐவி, ஆமோஸ் விஷயமா ஒண்ணு” என்று ஆரம்பித்தேன்.

அவள் கண்ணைத் திறந்தாள். “வேணாம், ஹொரேஸ்” என்றாள். பெயர் சொல்லி அவள் கூப்பிட்டது அதுதான் முதல்முறை.

“கீழ் ரோட்டுல போனேன்னு அவங்ககிட்ட சொன்ன. நான் மேல எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்திரம் கழுவிக்கிட்டிருந்தேன். மேல் பாதை பூரா அங்கேர்ந்து தெரியும். நீ வெளிம்புல நின்னது, குனிஞ்சது, கைய வெச்சது, பைப்பு பத்த வெச்சது, எல்லாம் பாத்தேன். என்னத்தையோ பாத்துட்டான், ஆமோஸ்கிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சுக்கிட்டேன்.”

மூச்சு வாங்கினாள். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாமென்றாள்.

“அப்புறமும் ஏன் வந்தேன்னு கேப்ப. எனக்குப் போக்கிடம் இல்ல, வந்தேன். ஒன்ன மன்னிச்சு வரல.”

“ஐவி, நான் சொல்றதக் கேளு” என்றேன்.

“சொல்லாத. சொல்லிட்டா உனக்கு லேசாயிரும். அதை நான் தரமாட்டேன். உள்ளயே வெச்சிரு. யார்கிட்டயும் சொல்லாத, சாகறவரைக்கும்.”

எனக்கு நினைவு தெரிந்து அவள் என்னிடம் கேட்ட ஒரே விஷயம் அது. சரி என்றேன். ரெண்டு நாளில் போய்விட்டாள். மேல் மாதாகோவில் கல்லறையில் ஆமோஸ் பக்கத்தில் இடம் பிடித்துக் கொடுத்தேன். அந்த மட்டில் ஒரு அண்ணன் செய்யவேண்டியதைச் செய்தேன்.

அரை வருடம் காப்பாற்றினேன், மிஸ் கெம்ப். பிறகு நீங்கள் வந்து அந்த மேட்டைப் பற்றிக் கேட்டீர்கள். முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். இதை யாரிடம் கொடுக்க வேண்டுமோ கொடுங்கள், நான் மறுக்க மாட்டேன். ஆமோஸ் பெல்லிங்கை நான் கொன்றேன், அவனுடைய மேட்டையும் நானே கொன்ற பிறகு. கேட்டால் இதையே திரும்பச் சொல்வேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்லவேண்டும். அவள் சொன்னது சரிதான். லேசாகத்தான் இருக்கிறது.